கிளினிக் நாளும் கைபேசியும்: வன்னியில் ஒரு செயலி எதை மாற்றும், எதை மாற்றாது

சுகாதாரத் துறை டிஜிட்டல் மயமாகிறது என்று செய்திகளில் அடிக்கடி வருகிறது. செயலி, தனிநபர் சுகாதார இலக்கம், இலத்திரனியல் பதிவேடு, இணையவழி முற்பதிவு என்று சொற்கள் வந்து குவிகின்றன. இலங்கையின் வடக்கே வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் இருந்து மாதம் ஒருமுறை சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கப் போகிறவருக்கு இவற்றால் என்ன நடக்கும் என்பது மட்டும் அந்தச் செய்திகளில் இருப்பதில்லை. அதை அடிப்படையில் இருந்து பார்ப்போம்.

எந்தச் செயலியையும் எடைபோட இந்தக் கட்டுரை ஒரே ஒரு அளவுகோலைத்தான் எடுத்துக்கொள்கிறது: வீண் பயணம். வைத்தியசாலைக்குப் போய், போன காரியம் நடக்காமல் திரும்பி வரும் நாள் எத்தனை குறைந்தது? வன்னியில் இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு கனம் என்பதை நிலப்பரப்பே சொல்லும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 92,000 பேர். பரப்பு சுமார் 2,600 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தில் சுமார் 1,000 சதுர கிலோமீற்றருக்குள் 583,000 பேர். யாழ்ப்பாணத்தில் வைத்தியசாலை பக்கத்து ஊரில் இருக்கும். வன்னியில் அது காட்டுக்கும் குளத்துக்கும் வயலுக்கும் அப்பால், பஸ் வந்தால்தான் உண்டு.

முதலில் இரண்டு சொற்கள்: ஓ.பி.டி.யும் கிளினிக்கும்

இரண்டும் வெளிநோயாளர் சேவைதான். ஆனால் வரிசை வேறு, பிரச்சினையும் வேறு.

ஓ.பி.டி. என்ற வெளிநோயாளர் பிரிவுக்குக் காய்ச்சல், வயிற்றோட்டம், காயம் என்று யாரும் எப்போதும் வரலாம். முன்கூட்டிப் பதிவு கிடையாது. இன்று எத்தனை பேர் வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

கிளினிக் அப்படி இல்லை. நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதயம், சிறுநீரகம், மனநலம், கர்ப்பிணி என்று ஒவ்வொன்றுக்கும் கிழமையில் ஒரு நாள். வருகிறவர்களின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. அடுத்த திகதி கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருக்கிறது. அதாவது யார், எப்போது, எதற்காக வருகிறார் என்பது ஒரு மாதத்துக்கு முன்பே தெரியும்.

கைபேசிக்கு நல்ல வேலை இருப்பது இந்த இரண்டாவது இடத்தில்தான். முன்கூட்டித் தெரிந்ததை முன்கூட்டிச் சொல்ல முடியும். ஓ.பி.டி.க்கும் செயலிகள் உதவும். இந்தியாவில் பல அரச மருத்துவமனைகளில் அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்து பதிவுத் துண்டு எடுக்கிறார்கள், பதிவு வரிசை குறைகிறது. ஆனால் டொக்டரைப் பார்க்கும் வரிசை அப்படியேதான் இருக்கும். அதனால் இனிக் கிளினிக்கைப் பற்றியே பேசுவோம்.

ஒரு கிளினிக் நாளைக் கிட்ட நின்று பார்த்தால்

உள்பக்கக் கிராமம் ஒன்றில் 58 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சீனியும் பிறசரும் இருக்கிறது. கிளினிக் நாளில் நாலரைக்கு எழும்புகிறார். பிரதான வீதிக்கு வரும் பாதையில் இருட்டோடு யானைப் பயம் இருப்பதால் மகன் சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறார். முதல் பஸ். ஏழு மணிக்கு முன் போனால்தான் முன் நம்பர் கிடைக்கும். கொப்பியை அடுக்கில் வைக்கிறார். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும். அப்புறம் காத்திருப்பு. டொக்டர் பார்க்கும் நேரம் மூன்று நான்கு நிமிடம். பிறகு மருந்துக் கவுண்டரில் இன்னொரு வரிசை. வீடு திரும்பப் பின்னேரம் இரண்டு மணி. அந்த நாள் கூலி இல்லை. மகனுக்கும் அரை நாள் போய்விட்டது.

இது எல்லாம் சரியாக நடந்த நாள். சரியாக நடக்காத நாளுக்குக் காரணங்கள் பல:

1. கிளினிக் நாள் மாறியிருக்கும். போயா, அரச விடுமுறை, டொக்டரின் விடுப்பு, பணிப்புறக்கணிப்பு. அறிவித்தல் வைத்தியசாலைச் சுவரில் ஒட்டியிருக்கும். அதைப் படிக்க அங்கே போக வேண்டும்.

2. மருந்து இருக்காது. "அம்மா, இது முடிஞ்சுது, வெளியில எடுங்கோ" என்று துண்டு எழுதித் தருவார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக் காலத்தில் நாடு முழுவதும் இதுதான் கதை.

3. பரிசோதனை முடிவு வந்திருக்காது. டொக்டர் முடிவைப் பார்த்துத்தான் மருந்தை மாற்ற முடியும். "அடுத்த கிழமை வாங்கோ."

4. ஆயத்தம் தவறியிருக்கும். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனை பயனில்லை.

நான்காவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் உயிராபத்தும் இருக்கிறது. சீனிக்கான சில குளிசைகள் உடம்பில் இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. காலையில் வழக்கம்போல் குளிசையைப் போட்டுவிட்டு, இரத்தம் எடுக்க வேண்டும் என்று சாப்பிடாமல் வந்து, மூன்று மணித்தியாலம் வாங்கில் இருந்தால் இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கும். வேர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும், மயங்கி விழலாம். இரத்தம் எடுத்த பிறகு சாப்பாட்டோடு குளிசை போடுவதுதான் பொதுவாகச் சொல்லப்படும் முறை; ஒவ்வொருவரும் தன் கிளினிக்கில் இதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். முதல்நாள் பின்னேரம் போனுக்கு வரும் ஒரு வரி இந்த இடத்தில் பெரிய வேலை செய்யும்.

இந்த நான்கில் முதல் மூன்றும் வைத்தியசாலைக்குள் யாரோ ஒருவருக்கு முன்பே தெரிந்த தகவல்கள். அவை நோயாளி பஸ் ஏறுவதற்கு முன் அவரிடம் வந்து சேர்வதில்லை. செயலி பற்றிய பேச்சு முழுவதும் இந்த இடைவெளியைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

"செயலி" என்று எதைச் சொல்கிறார்கள்?

செய்திகளில் ஒரே சொல்லாக வருவது உண்மையில் மூன்று அடுக்கு.

மேலடுக்கு நோயாளியின் கையில் இருப்பது. ஸ்மார்ட் போனில் இறக்கும் செயலியாக இருக்கலாம், குறுஞ்செய்தியாக இருக்கலாம், பதிவுசெய்த குரலில் வரும் அழைப்பாகவும் இருக்கலாம்.

நடு அடுக்கு வைத்தியசாலையின் மென்பொருள். பதிவு, கிளினிக் திகதி, ஆய்வுகூட முடிவு, மருந்து இருப்பு எல்லாம் கணினியில் ஏறும் இடம்.

அடித்தளம் அடையாளம். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் ஊரில் இந்த முடிவு யாருடையது என்று பிழையில்லாமல் சொல்ல வேண்டும். தனிநபர் சுகாதார இலக்கம் அதற்காகத்தான். மல்லாவியில் பதிந்தவர் கிளிநொச்சிக்கு அனுப்பப்பட்டாலும் அதே இலக்கத்தால் அவரது பதிவைத் தேடி எடுக்கலாம்.

நடு அடுக்கு இல்லாமல் மேலடுக்கு இயங்காது. மருந்துக் கவுண்டரில் இருப்பு இன்னும் கொப்பியில்தான் எழுதப்படுகிறது என்றால், எவ்வளவு அழகான செயலியும் மருந்து இருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஒரு வைத்தியசாலை செயலி அறிமுகம் செய்தால் முதலில் பார்க்க வேண்டியது போன் திரையை அல்ல, கவுண்டரில் யார், எப்போது, எந்தக் கணினியில் தரவு ஏற்றுகிறார் என்பதை.

இதைச் செய்யும் ஆற்றல் நாட்டில் இல்லாமல் இல்லை. 2020 தொடக்கத்தில் டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்த மூல மென்பொருளைக் கோவிட் கண்காணிப்புக்கு உலகிலேயே முதலில் மாற்றி அமைத்தவர்கள் இலங்கையர்.

நினைவூட்டினால் பயன் உண்டா? சான்றுகள்

உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 2013 இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 8 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த 6,615 பேரையும் எடுத்துப் பார்த்தது. நினைவூட்டல் எதுவும் கிடைக்காதவர்களில் 67.8 வீதமானோர் குறித்த நாளில் வந்தார்கள். குறுஞ்செய்தி கிடைத்தவர்களில் 78.6 வீதம். தொலைபேசியில் ஒருவர் அழைத்துச் சொன்னபோது 80.3 வீதம். குறுஞ்செய்தி அழைப்புக்குக் கிட்டத்தட்டச் சமம், செலவோ குறைவு.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது கென்யாவில் நடந்து 2010 இல் வெளியான ஓர் ஆய்வு. எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களுக்குக் கிழமைக்கு ஒருமுறை ஒரே ஒரு சொல் அனுப்பினார்கள்: "மாம்போ?" சுவாகிலி மொழியில் "எப்படி?" என்று கேட்பது. 48 மணித்தியாலத்துக்குள் "சாவா" (சுகம்) என்றோ "ஷிடா" (பிரச்சினை) என்றோ பதில் போட வேண்டும். பிரச்சினை என்றவர்களையும் பதிலே போடாதவர்களையும் கிளினிக் ஊழியர் ஒருவர் அழைத்துப் பேசினார். ஓராண்டில், செய்தி பெற்றவர்களில் 62 வீதமானோர் மருந்தை ஒழுங்காக எடுத்தார்கள்; பெறாதவர்களில் 50 வீதம். இதற்குச் செயலி தேவைப்படவில்லை. சாதாரண போன் போதுமாக இருந்தது. செய்தியின் மறுமுனையில் அழைத்துப் பேச ஓர் ஆள் இருந்ததால்தான் அந்தச் சொல்லுக்குப் பெறுமதி வந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட டிஜிட்டல் சுகாதார வழிகாட்டலும் இதையே சொல்கிறது: இந்தக் கருவிகள் இயங்கும் சுகாதார அமைப்புக்குத் துணை, அதன் இடத்தை இவை பிடிக்க முடியாது.

தமிழில் ஒரு குறுஞ்செய்தி: 70 என்ற எல்லை

இது பேசப்படாத சின்ன விஷயம். ஆனால் நடைமுறையில் திட்டங்கள் சறுக்கக்கூடிய இடம்.

ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்குள் 160 எழுத்து அடங்கும். தமிழ் போன்ற எழுத்துகளுக்கு யூனிகோட் குறிமுறை தேவை. அதில் 70 தான். அதோடு உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். "செவ்வாய்" நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. தொலைபேசி வலையமைப்புக்கு எட்டு. "கொப்பி" மூன்று எழுத்து, அதற்கு ஆறு.

இந்தச் செய்தியைப் பாருங்கள்: "நாளை செவ்வாய் காலை 9 மணிக்கு கிளினிக். சாப்பிடாமல் வரவும்." இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 58. ஒரு செய்திக்குள் அடங்கிவிடும். அதோடு "கொப்பி கொண்டு வரவும்." என்று சேர்த்தால் 80 ஆகிறது, இரண்டு செய்தியாகப் பிரிந்து செலவும் இரட்டிப்பாகும். மாதம் ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்பும் வைத்தியசாலைக்கு இது சில்லறைக் கணக்கல்ல. ஆங்கிலத்தில் வாசகத்தை எழுதிவிட்டுக் கடைசியில் தமிழுக்கு மாற்றுகிறவர்களுக்கு இந்த எல்லை தெரியாமல் போகும். தமிழ் வாசகத்தை முதலிலேயே, எண்ணி எண்ணி எழுத வேண்டும்.

சரி, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்பலாமே என்று கேட்கலாம். பேரப்பிள்ளை படிப்பான், அம்மம்மா படிக்கமாட்டார். பழைய பட்டன் போன்கள் சிலவற்றில் தமிழ் எழுத்து கட்டங் கட்டமாகத்தான் தெரியும். படிக்கச் சிரமப்படும் முதியவர்கள் கூடுதலாக வரும் கிளினிக்குக்கு, வன்னிப் பேச்சில் பதிவுசெய்த 20 செக்கன் குரல் அழைப்பே நல்லது என்று நினைக்கிறேன். அழைப்புக்குச் செலவு கூட; ஆனாலும் அது போய்ச் சேரும்.

போன் யாருடையது?

திட்டம் வரைகிறவர்கள் ஆளுக்கொரு போன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான் இருக்கும். அது மகனோடு வயலுக்கோ மேசன் வேலைக்கோ போய்விடும். ரீலோட் போடாமல் விட்ட சிம் செத்துப்போகும், இலக்கம் மாறும். காடு சூழ்ந்த சில இடங்களில் சிக்னலுக்கு வரம்பில் ஏறி நிற்க வேண்டும். இலக்கத்தை ஒவ்வொரு கிளினிக் நாளிலும் கேட்டுச் சரிபார்க்காவிட்டால் ஓராண்டில் பட்டியலில் பாதி பழசாகிவிடக்கூடும்.

போன் பொதுவில் இருப்பதால் அந்தரங்கக் கேள்வியும் வருகிறது. சீனிக் கிளினிக் என்று செய்தி வந்தால் பரவாயில்லை. மனநலம், காசநோய், பாலியல் நோய்ச் சிகிச்சை என்று வந்தால் அது அயலுக்குள் ஒரு குடும்பத்தையே பாதிக்கும். போரின் காயங்களோடு மனநல கிளினிக்குக்கு அமைதியாக வந்துபோகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வருவதை நிறுத்தும்படி ஒரு செய்தி அமைந்துவிடக் கூடாது. செய்தியில் நோயின் பெயரோ கிளினிக்கின் பெயரோ இல்லாமல் திகதியும் நேரமும் மட்டும் இருந்தால் போதும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுகாதாரத் தரவைச் சிறப்புப் பாதுகாப்பு வேண்டிய வகையாகவே வைத்திருக்கிறது.

நேரம் பிரித்துக் கொடுத்தால் வரிசை ஏன் குறைகிறது

ஒரு கணக்கு. 120 நோயாளி, இரண்டு டொக்டர், ஆளுக்கு 4 நிமிடம் என்று வைப்போம். ஒரு மணித்தியாலத்தில் 30 பேரைப் பார்க்கலாம். எல்லோரையும் பார்த்து முடிக்க 4 மணித்தியாலம்.

1. எல்லோரும் ஏழு மணிக்கே வந்து நின்று, டொக்டர் எட்டுக்குத் தொடங்கினால், கடைசி ஆள் 5 மணித்தியாலம் காத்திருப்பார்.

2. மணிக்கு 30 பேர் என்று நேரம் பிரித்துக் கொடுத்தால் யாரும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை.

3. டொக்டர் தொகை கூடவில்லை, அவர் வேலையும் கூடவில்லை. வாங்கில் இருந்த நேரம் மட்டும் வீட்டுக்குத் திரும்பியது.

ஆனால் வன்னியில் இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. காலை ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ் ஓடும் ஊரில் இருந்து வருகிறவருக்கு, 11 மணிக்கு வாருங்கள் என்று நேரம் கொடுத்தால் என்ன செய்வார்? ஆறரைக்கே வந்து நிற்பார். திரும்பும் பஸ்ஸையும் விட்டுவிடலாம். அதனால் நேரத்தைப் பஸ் அட்டவணையை வைத்துப் பிரிக்க வேண்டும்: தூரத்து ஊர்க்காரருக்கு அவர்கள் பஸ் வந்து சேரும் நேரம், வைத்தியசாலைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு 10, 11 மணி. கொழும்பில் எழுதிய மென்பொருளுக்கு நெடுங்கேணி பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று தெரியாது. கிளினிக்கில் நம்பர் கொடுக்கும் ஊழியருக்கு அது தலைகீழ்ப் பாடம். அவரைக் கேட்காமல் இந்த அட்டவணையைப் போடக் கூடாது.

போகாமலே மருந்து

வீண் பயணத்தைக் குறைப்பதற்கு அடுத்த படி, தேவையில்லாத பயணத்தையே இல்லாமல் ஆக்குவது. 2020 ஊரடங்கின்போது கிளினிக் நோயாளிகளின் மருந்து தபால்காரர் மூலம் வீட்டுக்குப் போனது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சீனி, பிறசர் மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. நம்மிடம் தபால் கந்தோர் இருக்கிறது, கிராமம் கிராமமாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார். அவர் தலையில் ஏற்கெனவே நிறைய வேலை இருப்பதால் இதையும் சும்மா ஏற்றிவிட முடியாது என்பதும் உண்மை. சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறவருக்கு இரண்டு மாத மருந்து கொடுத்து, நடுவில் ஒருமுறை போனில் விசாரித்தாலே ஆண்டுக்கு ஆறு பயணம் மிச்சமாகும். மருந்து இருப்பு அனுமதிக்க வேண்டும். டொக்டரும் சம்மதிக்க வேண்டும்.

வீடியோ மூலம் டொக்டரைப் பார்ப்பதும் பேசப்படுகிறது. வீட்டில் இருந்து பார்ப்பதைவிட, அருகில் உள்ள பிரதேச வைத்தியசாலைக்குப் போய், பிறசர் பார்த்து, தாதி ஒருவர் பக்கத்தில் நிற்க, முல்லைத்தீவு அல்லது யாழ்ப்பாண விசேட வைத்தியரோடு பேசுவதுதான் நமக்குப் பொருந்தும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் சிறுநீரக நோயோடு இருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதலாக இருக்கும். இரத்தச் சுத்திகரிப்பு வரை போனவருக்கு மட்டும் இது பயன்படாது. அவர் இயந்திரம் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பாம்புக் கடி போன்றவற்றில் எந்தச் செயலியையும் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 1990. அந்த அம்புலன்ஸ் சேவை 2018 இல் இருந்து வடக்கிலும் இருக்கிறது, கட்டணம் இல்லை.

அறிமுக விழாவில் கேட்க வேண்டியவை

உங்கள் வைத்தியசாலையில் ஒரு செயலி வருகிறது என்றால், நோயாளர் நலன்புரிச் சங்கமோ ஊர்ச் சங்கமோ எழுந்து கேட்கலாம்:

1. ஸ்மார்ட் போன் இல்லாதவருக்கு என்ன வழி? அவரது நம்பர் பின்னுக்குப் போகுமா? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் மற்றவற்றைக் கேட்கவே தேவையில்லை. இலவச மருத்துவத்தில் போன் வைத்திருப்பது முன்னுரிமை ஆகக் கூடாது.

2. கிளினிக் இரத்தானால் முதல்நாள் எத்தனை மணிக்குள் செய்தி வரும், அதை அனுப்பும் பொறுப்பு யாருக்கு?

3. மருந்து இருப்பைத் தினமும் கணினியில் ஏற்றுவது யார்? அவருக்கு அதற்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா?

4. மின்சாரமும் இணையமும் இல்லாத நாளில் கொப்பி செல்லுமா?

5. திட்டப் பணம் முடிந்த பிறகு குறுஞ்செய்திக் கட்டணத்தைக் கட்டுவது யார்?

செயலி வரும்வரை

இன்றே செய்யக்கூடியதும் இருக்கிறது. கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தையும் மருந்துத் துண்டையும் ஒவ்வொரு முறையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கொப்பி நனைந்தாலும் தொலைந்தாலும், வேறு வைத்தியசாலைக்கு அவசரமாகக் கொண்டுபோனாலும் டொக்டருக்கு அது உதவும். கொப்பியின் முதல் பக்கத்தில் இரண்டு தொலைபேசி இலக்கம் எழுதுங்கள். ஒன்று நோயாளியுடையது. மற்றது வீட்டில் செய்தியைப் படித்துச் சொல்லக்கூடியவருடையது, அவர் என்ன முறை என்ற விவரத்தோடு: மகள், மருமகன், பக்கத்து வீடு. நாளை எந்த மென்பொருள் வந்தாலும் பதிவில் அவர்கள் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டாவது இலக்கத்தைத்தான்.